மலை இல்லாத ஊரில் இரண்டு மலை: சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கைவேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரத்து ஊர் எங்களுடையது. சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுவார்கள். எல்லாரும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிப்பவர்கள். மண் பிசைவது, தாள் கிழிப்பது, வண்ணம் பூசுவது, இவைதான் வேலை. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரும், வழியில் பார்க்கும் ஆசிரியைகளும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். வாசலில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

எப்போது தாளைக் கொடுத்தாலும் என் பையன் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை மரம் என்றே வரைகிறான். எப்படி மாற்றுவது?

நம் ஊரில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். வயல், தென்னந்தோப்பு, கோயில் கோபுரம், செல்போன் கோபுரம். மலை எங்கே இருக்கிறது? பையன் மலையைப் பார்த்து வரையவில்லை. பெரியவர் யாரோ ஒரு நாள் வரைந்து காட்டினார். அதைத் திரும்ப வரைந்தபோது "சபாஷ்" கிடைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு அது படம் அல்ல, 'அ' எழுதுவது மாதிரி ஓர் எழுத்து.

அதை வரையாதே என்று தடுக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். "இயற்கைக் காட்சி வரை" என்று சொன்னால் மலைதான் வரும். "உன் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்து வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அவள் வரைந்த படத்தில் ஊக்கு செருப்பைவிடப் பெரியது. ஊக்கின் சுருள், தலை, வளைவு எல்லாம் இருந்தன. செருப்பு ஏதோ ஒரு வட்டம். பார்த்து வரைவது என்பது இதுதான். நத்தை, வாழைப்பூ, சைக்கிள் மணி, பூட்டு என்று கைக்கு அடங்கும் பொருளாகக் கொடுங்கள். மலை தானாகவே விலகி நிற்கும்.

ஆளைவிடத் தலை பெரிதாக, வீட்டுக்குள் இருக்கிறவர்கள் சுவர் வழியாகத் தெரிகிற மாதிரி வரைகிறாள். திருத்த வேண்டாமா?

வேண்டாம். ஆறு, ஏழு வயதில் அப்படித்தான் வரும். தாளின் அடியில் ஒரு கோடு, அது தரை. உச்சியில் ஒரு நீலப் பட்டை, அது வானம். நடுவில் வெறும் தாள். பாட்டி முக்கியம் என்றால் பாட்டி வீட்டைவிட உயரமாக நிற்பாள். உலகம் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகள் இப்படி வரைகிறார்கள். எட்டு, ஒன்பது வயதில் அவர்களே குறை கண்டு மாற்றிக்கொள்வார்கள்.

கூடாத காரியம் ஒன்று உண்டு: பென்சிலை வாங்கி நீங்கள் ஒரு கோடு போட்டுக் காட்டுவது. அந்த ஒரு கோட்டுக்குப் பிறகு படம் உங்களுடையது. மனம் கேட்கவில்லை என்றால் தனித் தாளில் நீங்களும் ஒரு படம் வரையுங்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும். உங்களுக்கும் கொஞ்சம் அடக்கம் வரும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

கொஞ்சம்தான். முனை மழுங்கிய கத்தரிக்கோல், மெழுகுக் கிரேயான் பெட்டி ஒன்று, கோந்து, தட்டைத் தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அதற்கென்றே வரும் கத்தரிக்கோல் வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டும் கோடு அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். "கையே சரியில்லை" என்று பேர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் கத்தரிக்கோல்தான் சரியில்லை.

தாளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மாத காலண்டரின் பின்பக்கம் வழவழப்பான வெள்ளை. தினசரி காலண்டரில் கிழித்த தாள் கையடக்கமான ஓவியத்துக்குச் சரியான அளவு. எல்லாவற்றையும்விட உயர்ந்தது கல்யாணப் பத்திரிகை: கெட்டி அட்டை, தங்க அச்சு, சில சமயம் வெல்வெட் ஒட்டு. ஒரு தை மாதத்தில் வருவதை மட்டும் சேர்த்து வைத்தாலே வருஷம் முழுக்கப் போதும்.

பத்திரிகையில் சாமி படம் இருக்கிறதே, வெட்டலாமா?

இதை எல்லாப் பாட்டிகளும் கேட்டுவிட்டார்கள். படம் உள்ள பகுதியை முதலில் பெரியவர் பிரித்து எடுத்து வைத்துவிடட்டும். மற்றதைப் பிள்ளைகள் வெட்டட்டும். மணமக்கள் பெயர் கத்தரிக்கோலில் மாட்டுவதைப் பற்றி இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

களிமண் எங்கே எடுப்பது? எப்படிப் பதப்படுத்துவது?

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். நகரத்தில் பொட்டலத்தில் விற்கிற பொருள் இங்கே குளத்தடியில் கிடக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், சித்திரை வைகாசியில், குளமும் வாய்க்காலும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு மண் எடுக்கப் பிள்ளைகளைக் கரைக்குத் தனியே அனுப்பவே கூடாது. ரசாயன உரமும் பூச்சி மருந்தும் அடித்த வயலின் மண்ணும், சாக்கடை கலக்கும் இடத்து மண்ணும் வேண்டாம்.

காய்ந்த கட்டிகளை உடைத்து, கல், வேர், நத்தை ஓடு எல்லாம் பொறுக்கிவிட்டு, பழைய பக்கெட்டில் ஒரு நாள் ஊறப்போடுங்கள். கரைந்ததும் கொசுவலைத் துணியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, பழைய வேட்டியில் கொட்டி நிழலில் வையுங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் பிசையலாம். பிசைவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். காலால் மிதிக்கச் சொன்னால் சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போய்விடும், போகட்டும்.

பதம் பார்க்க ஒரு வழி: விரல் கனத்துக்கு மண்ணைக் கயிறாக உருட்டி இன்னொரு விரலில் சுற்றுங்கள். விரிசல் விட்டால் தண்ணீர் போதாது. விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் அதிகம். விரிசலும் இல்லாமல் ஒட்டவும் இல்லாமல் வளைந்தால் வேலை தொடங்கலாம்.

இந்த மண்ணின் அருமையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் சுவாமிமலைக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைத்தான் முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். அவ்வளவு மென்மையான மண் என்பதால் மெழுகில் உள்ள மெல்லிய கோடுகூட அச்சாகப் பதிந்துவிடும். வீடு திரும்பியதும் பிள்ளைகள் மண்ணில் ஒரு வேப்பிலையை அழுத்தி எடுத்துப் பார்க்கட்டும். நரம்பு ஒவ்வொன்றும் தெரியும்.

செய்த பொம்மை காய்ந்ததும் கை கழன்று விழுகிறது. உடம்பு வெடிக்கிறது.

கை கழன்றால் ஒட்டு சரியில்லை. ஈர மண்ணை ஈர மண்ணோடு வெறுமனே அழுத்தினால் நிற்காது. ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசை மாவு போலக் கரைத்த மண்ணைத் தடவி, பிறகு அழுத்த வேண்டும்.

வெடித்தால் வெயில்தான் காரணம். வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நின்றுவிடுகிறது. ஈரத்துணி போர்த்தி நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். யானை செய்தால் வயிற்றைக் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள்; கட்டை விரல் கனத்துக்கு மேல் எங்கேயும் மண் இருக்கக் கூடாது.

சுடுவதற்கு ஊரில் மண்பாண்டம் செய்யும் வேளார் இருந்தால் சூளை போடும் நாளில் கேட்டுப் பாருங்கள். கனமான, ஈரம் போகாத பொம்மை சூளைக்குள் ஆவி முட்டி வெடிக்கும். பக்கத்தில் இருக்கும் அவருடைய சட்டியையும் சேர்த்து உடைக்கும். ஆகவே முழுதும் காய்ந்ததை மட்டும் கொண்டு போங்கள்.

பள்ளியில் "பெரிய கோயில் மாடல் கொண்டு வா" என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கே வேண்டும்!

இரவு பதினொரு மணிக்கு அம்மா தெர்மாகோல் அறுக்க, அப்பா பெவிகால் ஒட்ட, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும் காட்சி எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அறுத்தவன்தான். மறுநாள் வகுப்பில் நாற்பது கோயில்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று கோணலாக இருந்தது. அது மட்டும்தான் பிள்ளை செய்தது. பரிசு என்னுடையதற்குக் கிடைத்தது. இன்றுவரை கூச்சமாக இருக்கிறது.

பிள்ளையே செய்ய வேண்டுமானால் அட்டைப்பெட்டி போதும். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயிலின் விமானம் 216 அடி உயரம். மேலே போகப் போகக் குறுகும் 13 நிலை. பதின்மூன்று சதுர அட்டைகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு விரல் சிறியது, இடையிடையே தீப்பெட்டி. உச்சியில் பாதி எலுமிச்சம்பழத் தோலைக் கவிழ்த்தால் சிகரம். அளவெடுப்பது, வரிசையாக அடுக்குவது இரண்டும் கணக்கு வகுப்புக்கும் சேர்த்தி. சாயும், பரவாயில்லை.

இதே கோயிலைத் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் நெட்டியில் செய்கிறார்கள். நெட்டி என்பது குளம் குட்டைகளில் வளரும் ஒரு செடியின் தண்டு. தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போல வெள்ளையாக, எடையே இல்லாமல் இருக்கும். தெர்மாகோல் வருவதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் இருந்த பொருள், மண்ணில் மக்கியும் போகும். புவிசார் குறியீடும் பெற்ற கலை. கூர்க்கத்தி வேலை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பார்க்க வைத்தால் போதும்.

ஆசிரியை சம்மதித்தால் மாடலுக்குப் பதிலாக இன்னொன்று சொல்வேன். கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கெட்டி அட்டையைக் கொடுங்கள். முழுக்க மஞ்சள், சிவப்பு, பச்சைக் கிரேயான் அழுத்திப் பூசட்டும். அதன்மேல் கறுப்புக் கிரேயானால் இடைவெளி விடாமல் மூடட்டும். மை தீர்ந்த பேனாவால் கீறினால் அடியிலிருந்து வண்ணக் கோடுகள் வெளியே வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் காட்டும் பொறுமையை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

தலையாட்டி பொம்மை செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். தஞ்சாவூர் பொம்மையின் ரகசியம் அடியில் இருக்கிறது: அடிப்பாகம் உருண்டை, எடை முழுக்க அங்கே. மேலே இருப்பது லேசானது. தள்ளினால் கனமான அடி மறுபடி கீழே வந்து உட்கார, பொம்மை எழுந்து நிற்கிறது.

கொட்டாங்கச்சியில் உருண்டையான பாதியை எடுங்கள். நுனி கூராக இருந்தால் சொரசொரப்பான தரையில் தேய்த்துவிடுங்கள். உள்ளே முக்கால் பாகம் களிமண் அழுத்தி, மேலே காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினால் உடம்பு. முகம், மீசை, புடவைக் கரை எல்லாம் அவரவர் விருப்பம்.

ஒரு பையன் தன் ராஜாவுக்குக் கிரீடம் வேண்டும் என்று உச்சியில் களிமண் உருண்டையை ஒட்டினான். ராஜா ஒரு தரம் ஆடிவிட்டுப் படுத்துவிட்டார். தூக்கி நிறுத்தினான், மறுபடி படுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கிரீடத்தைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்துக்கொண்டே வந்து, கடலை அளவு மிஞ்சியபோது ராஜா எழுந்து நின்றார். கிள்ளிய மண்ணை எல்லாம் பையன் அடியில் திணித்தான். யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

கடை வண்ணம் தோலில் அரிப்பு தருகிறது. வீட்டிலேயே வண்ணம் தயாரிக்கலாமா?

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசிக் காய வையுங்கள். துணி துவைக்கும் சோப்பைக் கரைத்த தண்ணீரில் ஈர்க்குச்சியைத் தோய்த்து அந்தத் தாளில் எழுதினால் எழுத்து ரத்தச் சிவப்பாகத் தோன்றும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேலைதான். காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். எலுமிச்சைச் சாற்றை மேலே தடவினால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். பிள்ளைகள் பெயரை எழுதி, அழித்து, மறுபடி எழுதி மாய்ந்து போவார்கள். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்புக் கையோடு கண்ணைக் கசக்கவும் விடக் கூடாது.

சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. செம்பருத்தி இதழைத் தாளில் அப்படியே தேய்த்தால் சிவப்பு வராமல் ஊதா வரும், ஏமாந்து போகும் முகங்களைப் பார்க்கலாம். கறுப்புக்கு அடுப்புக்கரி. செங்கல் பொடியோடு கொஞ்சம் கோந்து சேர்த்தால் காவி. இந்த வண்ணங்கள் நிலைக்காது. மஞ்சள் வெயிலில் ஒரு வாரத்தில் வெளுத்துவிடலாம். சுவரில் மாட்டுவதற்கு என்றால் கடை வண்ணமே வாங்குங்கள்.

நாற்பது பிள்ளைகள், ஒரு வகுப்பு நேரம், நான் ஒருத்தி. எது சரிப்படும்?

அச்சு. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தேன்கூடு போல அறைகள் இருக்கும். வண்ணத்தில் தொட்டுத் தாளில் ஒற்றினால் அந்த அறைகள் அப்படியே விழும். வெண்டைக்காயின் வெட்டுமுகம் ஐந்து மூலைப் பூ. வெட்டும் வேலையை முன்கூட்டியே நீங்கள் செய்துவிடுங்கள். வண்ணத்தைத் தட்டில் ஊற்றாதீர்கள், நனைத்த துணியில் ஊறவிட்டு வையுங்கள். ஒற்றுவதற்கு அளவாக வரும், சிந்தாது. ஐந்து பேருக்கு ஒரு தட்டு. ஈரத் தாள்களை மாட்ட ஜன்னல் கம்பியில் சணல் கட்டி வைக்க மறக்காதீர்கள். நான் மறந்த நாளில் நாற்பது தாளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓவியமாகிவிட்டது.

தாராசுரம் அழைத்துப் போகிறோம். வெறும் சுற்றுலாவாக இல்லாமல் ஏதாவது செய்ய வைக்க முடியுமா?

இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு, ரிஷபகுஞ்சரம் என்பார்கள். கையால் ஒரு பக்கத்து உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே மறைத்துப் பார்க்கட்டும், ஆனால் சிற்பத்தைத் தொடாமல்.

திரும்பி வந்ததும் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, தாளின் நடுவில் ஒரு தலை, இருபக்கமும் ஆளுக்கோர் உடல் வரையச் சொல்லுங்கள். எங்கள் திண்ணையில் வாத்தும் படகும் ஒரு தலையைப் பகிர்ந்துகொண்டன. இன்னொரு ஜோடி பூனைக்கும் தங்கள் வாத்தியாருக்கும் ஒரே தலை வைத்தது. மீசை பொதுவாக இருந்ததால் பொருந்தியது.

கோலம் கைவேலையில் சேருமா? பையன்களுக்குச் சொல்லித்தரலாமா?

இரண்டுக்கும் ஆம். ஒன்றாம் வகுப்புக்கு 1, 3, 1 என்று ஐந்து புள்ளி. அடுத்து 1, 3, 5, 3, 1 என்று பதின்மூன்று. முதலில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ், பிறகு கோலமாவு. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்ற விதியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். "பொம்பளைப் பிள்ளை வேலை" என்று ஒரு தாத்தா திண்ணையோரம் நின்று சிரித்தார். பேரன் அவரிடம் சாக்பீஸை நீட்டினான். தாத்தாவால் கோட்டை முடிக்க முடியவில்லை. இரண்டு தரம் அழித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

தென்னங்கீற்று, பூவரச இலை பொம்மைகள்?

நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: கீற்றில் பாம்பு, கடிகாரம், காற்றாடி, பூவரச இலையில் பீப்பீ. அவர்களுக்கும் பொழுது போகும். கீற்றின் ஓரம் கையைக் கீறும், அதை மட்டும் கவனியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காய்வதில்லையே?

அந்த இரண்டு மாதமும் மண்ணையும் பசையையும் மூடி வைத்துவிட்டுக் கிழித்தல், மடித்தல், கிரேயான் கீறல் என்று மாறிவிடுங்கள். மழைத்தண்ணீரில் விடத் தாள்படகு செய்யாத பிள்ளை உண்டா?

செய்தவற்றை எல்லாம் எங்கே வைப்பது? வீடு கொள்ளவில்லை.

தாள்களின் பின்னால் தேதி எழுதி ஒரு பழைய புடவைப் பெட்டியில் போடுங்கள். மண் பொம்மைகளில் சுடாதவற்றைப் பக்கெட்டில் போட்டு ஊற வைத்தால் திரும்பவும் களிமண். ஆனால் பிள்ளையைக் கேட்காமல் போடாதீர்கள். நான் ஒரு முறை கேட்காமல் ஊறப்போட்டது, எனக்கு உருண்டையாகத் தெரிந்த ஒன்று. அது அவளுடைய தாத்தா. அடுத்த சனிக்கிழமை அதே மண்ணில் அவரை மறுபடி செய்தாள். இந்தத் தடவை கண்ணாடியும் போட்டிருந்தார்.